மலையகத்துக் கார்களும் பெயின்ட் கெடாத நெளிவெடுப்பும்

அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறும் ஏ5 வீதியிலும் பல இடங்களில் இதே நிலைதான். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டால் காரை மேட்டோரம் ஒதுக்கத்தான் வேண்டும். ஒதுக்கும்போது கதவு கல்லில் அழுந்தும். மட்காட் கானோரக் கட்டில் இடிபடும். பிரதான வீதியை விட்டுத் தோட்டப் பாதைக்குள் இறங்கினால் கொழுந்து லொறிக்கும் டிராக்டருக்கும் வழிவிட வேண்டும். ஏப்ரல் மாதம் வசந்த காலக் கூட்டம் நுவரெலியாவில் நிறையும்போது கிரகரி வாவியைச் சுற்றி நெருக்கி நிறுத்திய கார்களில் ஒன்றின் கதவு அடுத்ததன் கதவில் படாமல் திறப்பதே சிரமம்.

இப்படி விழும் நெளிவுகளில் பெரும்பாலானவை சிறியவை. தகடு உள்ளே போயிருக்கும், பெயின்ட் உடைந்திருக்காது. ஆனாலும் காரைக் கராஜுக்குக் கொண்டுபோனால் வழக்கமாகக் கிடைக்கும் வைத்தியம் ஒன்றுதான்: தட்டு, தேய், பட்டி பூசு, பெயின்ட் அடி. பெயின்ட்டைத் தொடாமல், தகட்டை உள்ளிருந்து சிறிது சிறிதாகத் தள்ளி நெளிவை எடுக்கும் இன்னொரு முறை உலகெங்கும் பல பத்தாண்டுகளாக வழக்கில் இருக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் இதைப் பி.டி.ஆர். (பெயின்ட்லெஸ் டென்ட் ரிப்பேர்) என்று சுருக்கிச் சொல்வார்கள். கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இந்தச் சேவை கிடைக்கிறது. மழையும் குளிரும் மிகுந்த மலையகத்துக்கு இது எவ்வளவு பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதை எல்லாப் பக்கமும் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெயின்ட் உடையாத நெளிவுக்காக நல்ல பெயின்ட்டை நாமே உடைப்பது, வேறெந்தப் பிரதேசத்தையும்விட மலையகத்தில் பெரிய நட்டம் என்பது என் உறுதியான கருத்து.

தொழிற்சாலைப் பூச்சின் அருமை

தொழிற்சாலையில் காரின் வெறுங்கூடு முதலில் கழுவப்பட்டு, துருவைத் தடுக்கும் பொஸ்பேற்றுப் படலம் ஏற்றப்படுகிறது. பிறகு முழுக் கூட்டையும் பூச்சுத் தொட்டிக்குள் முக்கி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். தூரிகையோ ஸ்பிரேயோ எட்டாத மூலைகளிலும், கதவின் மடிப்புகளுக்குள்ளும் அந்தப் பூச்சு ஒட்டிக்கொள்கிறது. ஏறத்தாழ 160 முதல் 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அதைச் சுட்டு இறுக்குகிறார்கள். அதன்மேல் பிரைமர், நிறம், கண்ணாடி போன்ற கிளியர் பூச்சு. மேற்பூச்சும் 140 பாகை அளவில் சுடப்படுகிறது. இத்தனை அடுக்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் கனம்தான். எழுதும் காகிதம் ஒன்றின் கனத்தை விடக் கொஞ்சம் கூட.

இந்தச் சூடு தகட்டுக்கும் பயன்படுகிறது. இன்றைய கார்கள் பலவற்றின் வெளித்தகடு, பெயின்ட் சுடும் வெப்பத்திலேயே வலுவேறும் வகை உருக்கால் ஆனது. ஆகவே பூச்சும் தகடும் ஒரே உலையில் ஒன்றாகப் பக்குவப்பட்டவை.

கார் முழுதாகப் பூட்டப்பட்ட பின் அந்த வெப்பத்தை எந்தக் கராஜாலும் திரும்பத் தர முடியாது. வயர், ரப்பர், பிளாஸ்டிக், கண்ணாடி, இருக்கை எல்லாம் உள்ளே இருக்கின்றன. நல்ல வசதியுள்ள பெயின்ட் அறையில்கூட 60 பாகை அளவில்தான் உலர்த்துவார்கள். அதற்கென்றே செய்த பெயின்ட்டைப் பூசிக் கண்ணுக்குக் குறை தெரியாத வேலையைக் கொடுக்கலாம். ஆனால் கிரைண்டர் வைத்துத் தேய்த்து எடுத்த அடிப்பூச்சு போனது போனதுதான்.

மலையகத்தில் இந்த இழப்பின் விலை கூடுதல். தென்மேற்குப் பருவக்காற்றை நேரே வாங்கும் வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மழை விட்ட நேரங்களிலும் மூடுபனி தகட்டில் நீராகப் படிகிறது. தோட்டப் பாதைச் சேறு மட்காட்டின் உட்புறத்தில் அப்பிக் காயாமல் நாட்கணக்கில் கிடக்கும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் புற ஊதாக் கதிரின் செறிவும் தாழ்நிலத்தை விட அதிகம். பெயின்ட் மங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். இத்தனைக்கும் ஈடுகொடுத்து நிற்கப் பிறந்தது தொழிற்சாலைப் பூச்சு.

தட்டிப் பூசும் முறை: அதன் திறமும் தொல்லையும்

டிங்கர் வேலை பெருந்திறமை வேண்டிய தொழில். தகட்டின் பின்னால் டொலிக் கட்டையைப் பிடித்து முன்னால் சுத்தியலால் தட்டி, காதால் ஓசையையும் விரலால் மேடு பள்ளத்தையும் அறிந்து சமன் செய்யும் பாஸ்மார் மலையகத்து நகரங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். துரைமாரின் ஒஸ்டினும் மொரிஸ் மைனரும் ஓடிய காலத்திலிருந்து தோட்டத்து லொறிகளையும் பஸ்களையும் ஓட வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். கிழிந்த தகடு, மடிந்த விளிம்பு, துருப்பிடித்த அடித்தளம் ஆகியவற்றுக்கு இன்றும் அவர்களை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் அதே முறையை உள்ளங்கை அளவு ஆழமற்ற நெளிவுக்குக் கொண்டுவரும்போது தொல்லைகள் தொடங்குகின்றன.

முதல் தொல்லை பட்டி. பொலியெஸ்டர் பிசினோடு டால்க் போன்ற மாவுப்பொருள் கலந்து செய்யப்படும் பட்டி நுண்துளைகள் கொண்டது, ஈரத்தை உறிஞ்சும். வோட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்த பட்டி நன்றாக உலரும் முன் பெயின்ட் ஏறினால், உள்ளே அகப்பட்ட ஈரம் சில மாதங்களில் பெயின்ட்டைக் கொப்புளமாக்கி மேலே தள்ளும். அடியில் தகடு துருப்பிடிக்கத் தொடங்கும். மழை மாதங்களில் தகரக் கூரை போட்ட திறந்த கராஜில் பட்டியை முழுதாக உலர்த்துவது எவ்வளவு கடினம் என்பதை அந்தத் தொழிலில் இருப்பவர்களே சொல்வார்கள்.

இரண்டாவது குளிர். ஹார்ட்னர் கலந்து பூசும் பெயின்ட்டுகள் 20 பாகையை ஒட்டிய வெப்பநிலைக்காகத் தயாரிக்கப்படுபவை. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையோ 16 பாகை அளவு. தை, மாசி இரவுகளில் உறைபனி விழுவதும் உண்டு. குளிரில் பெயின்ட் இறுகச் சுணங்கும். அந்த நேரத்தில் தூசு ஒட்டும். விரைவில் காயும் என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) வகைப் பெயின்ட்டை ஈரக்காற்றில் அடித்தால் மேற்பரப்பில் வெண்மை படர்ந்து பளபளப்பு கெடும்.

மூன்றாவது நிறம். வெள்ளி, முத்து நிறங்களில் உள்ள மினுக்குத் துகள்கள் ஸ்பிரே அடிக்கும் கோணத்துக்கும் அழுத்தத்துக்கும் ஏற்பப் படிவதால், குறியீட்டு எண் ஒன்றாக இருந்தாலும் நிறம் வேறுபட்டுத் தெரியலாம். வெயிலில் மங்கிய பழைய பெயின்ட்டோடு சேர்க்கும்போது வேறுபாடு இன்னும் கூடும். அதை மறைக்கப் பக்கத்துக் கதவுக்கும் மட்காட்டுக்கும் நிறத்தை மெல்லப் பரப்புவார்கள். ஒரு நெளிவுக்காக மூன்று தகடுகளின் அசல் மேற்பூச்சு தேய்க்கப்படுகிறது.

நான்காவது, வேலை செய்பவரின் உடல்நலம். ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற்று என்னும் இரசாயனம் பெயின்டர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பது மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட உண்மை. வெளியிலிருந்து சுத்தமான காற்றைத் தரும் முகமூடி அதற்கு வேண்டும். வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்பிரே துப்பாக்கி பிடிக்கும் இளைஞரை அந்தக் கைக்குட்டை காப்பாற்றாது. தேவையில்லாத ஒவ்வொரு பெயின்ட் வேலையும் அவருடைய நுரையீரல் தாங்க வேண்டிய தேவையில்லாத சுமை.

நெளிவு எப்படித் திரும்புகிறது

காரின் வெளித்தகடு பொதுவாக 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர் கனமானது. அதை இலேசாக அழுத்தி விட்டால் பழைய இடத்துக்கே வரும். ஓர் எல்லையைத் தாண்டி அழுத்தினால் வளைந்தபடியே நின்றுவிடும். நெளிவு என்று நாம் காணும் குழியில் இந்த இரண்டும் கலந்தே இருக்கின்றன. உண்மையில் நிரந்தரமாக வளைந்தது குழியின் நடுவிலும் அதைச் சுற்றிய விளிம்பிலும் உள்ள குறுகிய பகுதி. மீதிப் பரப்பு பழைய இடத்துக்குத் திரும்பும் இயல்போடு இருந்தும், அந்த வளைவு பூட்டிப் பிடித்திருப்பதால் உள்ளே நிற்கிறது. பூட்டை அவிழ்த்தால் மீதி தானாக எழும்பும். இம்முறையின் அறிவியல் அடிப்படை இதுதான்.

பூட்டை அவிழ்ப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. கதவின் கண்ணாடி இறங்கும் இடைவெளி, விளக்கைக் கழற்றிய இடம், உட்பக்க அட்டையை எடுத்த இடம் ஆகியவற்றின் வழியாக நீண்ட உருக்குக் கம்பியை நுழைத்து, முனையை நெளிவின் பின்புறத்தில் சரியாக நிறுத்துகிறார்கள். முனை எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. தகட்டின் முன்னால் வரிவரியாக ஒளி தரும் விளக்குப் பலகையை வைத்து, பெயின்ட்டில் விழும் அந்த வரிகளின் வளைவைப் பார்த்தே முனையின் இடத்தையும் தள்ளிய அளவையும் கணிக்க வேண்டும். ஒரே தள்ளில் குழியை எழுப்பப் பார்த்தால் நடுவில் கூர்மையான மேடு புடைக்கும். அந்த இடத்தில் பெயின்ட் வெடிக்கவும் கூடும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, மயிரிழை அளவாகப் பல தடவை தள்ள வேண்டும். சுற்றி எழுந்த மேட்டை முனை மழுங்கிய பிளாஸ்டிக் குச்சியால் தட்டி இறக்க வேண்டும்.

கம்பி நுழைய வழியில்லாத இடங்களில் வெளியிலிருந்து இழுக்கிறார்கள். சூடாக்கிய பசையால் பிளாஸ்டிக் குமிழ் ஒன்றை நெளிவின்மேல் ஒட்டி, இழுப்பானால் மெல்ல இழுத்து, பிறகு ஸ்பிரிட் தெளித்துப் பசையைக் கழற்றுவார்கள். தொழிற்சாலைப் பூச்சு இந்த இழுப்பைத் தாங்கும். மறுபடி பெயின்ட் அடித்த தகடாக இருந்தால் பெயின்ட்டே பெயர்ந்து வர வாய்ப்புண்டு.

குளிரில் பெயின்ட்டின் இழுபடும் தன்மை குறைந்து எளிதில் வெடிக்கும். ஆகவே வேலைக்கு முன் வெப்பக்காற்றால் தகட்டை இளஞ்சூடாக்குவது எங்கும் உள்ள வழக்கம். நுவரெலியாவின் காலை நேரத்தில் இதைத் தவிர்க்கவே முடியாது. குளிர்ந்த தகட்டில் நேரே கம்பி வைப்பவர் தொழில் அறிந்தவர் அல்லர்.

இம்முறை பெரிய தொழிலாக வளர்ந்தது ஆலங்கட்டி மழையால். ஜேர்மனியின் தென்பகுதியிலும் அமெரிக்காவின் டெக்சாஸ், கொலராடோ போன்ற மாநிலங்களிலும் ஒரே புயலில் ஆயிரக்கணக்கான கார்களின் கூரையும் பொனட்டும் குழிகளால் நிறையும். 1984 ஜூலை 12 அன்று மியூனிக் நகரைத் தாக்கிய ஆலங்கட்டி மழை அப்படிப்பட்டது. அத்தனை கார்களுக்கும் பெயின்ட் அடிப்பது இயலாத காரியம் என்பதால் காப்புறுதி நிறுவனங்களே இம்முறையை ஆதரித்தன. நம் மலைகளில் ஆலங்கட்டி எப்போதாவதுதான் விழுகிறது. நமக்கு வேலை கொடுப்பவை வளைவுகளும் கதவுகளும் கற்களும்.

எங்கே செல்லும், எங்கே செல்லாது

ஒரு நெளிவுக்கு இம்முறை செல்லுமா என்பதை அளவை வைத்து மட்டும் சொல்ல முடியாது. அகன்று ஆழமில்லாமல் கிடக்கும் பெரிய குழி எளிதில் எழும்பலாம்; கதவு முனை குத்திய சிறிய கூர்க்குழி மணிக்கணக்கில் வேலை வாங்கலாம். குழி எவ்வளவு கூர்மை, தகடு எவ்வளவு நீண்டுவிட்டது, பின்னால் கம்பி போகுமா என்பவையே தீர்மானிக்கின்றன. உடல்வரி எனப்படும் கூர்மையான மடிப்பின்மேல் விழுந்த நெளிவு கடினம். கதவின் ஓர விளிம்பும், இரண்டு தகடு ஒட்டியிருக்கும் இடமும் பெரும்பாலும் சரிவரா.

பெயின்ட் வெடித்து வெறுந்தகடு தெரிந்தால் இம்முறை முழுத் தீர்வாகாது. நெளிவை எடுத்தாலும் வெடிப்பின் வழியே நீர் இறங்கும். அங்கே பெயின்ட் வேலைதான் சரி. அதையும் மழைக்கு முன் செய்துவிட வேண்டும். முன்பு பட்டி பூசிய இடத்திலும் இம்முறை செல்லாது. தள்ளினால் பட்டி நொறுங்கும்.

பட்டி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்ப்பது நம் ஊரில் பழைய வழக்கம். ஆனால் இலங்கையில் நிறைய ஓடும் டொயோட்டா பிரியஸின் பொனட் அலுமினியம். அதில் காந்தம் ஒட்டாமல் இருப்பதைப் பார்த்துப் பட்டி என்று முடிவு கட்டுவது தவறு. பெயின்ட்டின் கனம் பார்க்கும் மீற்றரே நம்பத்தக்கது. 150 மைக்ரோனுக்குள் காட்டும் தகடு பெரும்பாலும் அசல் பூச்சோடு இருக்கிறது. பல நூறு காட்டினால் அங்கே முன்பே கை வைக்கப்பட்டிருக்கிறது. அலுமினியத் தகட்டில் நெளிவெடுப்பதும் சிரமம். கூடுதல் சூடும் பொறுமையும் வேண்டும்.

கதவுக்குள் மோதலைத் தாங்கும் இரும்புச் சட்டம் குறுக்கே இருப்பதால் சில இடங்களுக்குக் கம்பி எட்டாது. அப்போது கதவின் ஓரத்தில் துளை போட்டு உள்ளே நுழைப்பவர்கள் உண்டு. மழை நாட்டில் இதற்கு இடம் கொடுக்கக் கூடாது. எந்தப் பூச்சைக் காக்க வந்தோமோ அதே பூச்சில் துளை போட்டுத் துருவுக்கு வாசல் திறப்பதாகும். கூரையோரம் வேலை செய்யும்போது அங்கே மடித்து வைத்திருக்கும் பக்கவாட்டுக் காற்றுப்பைகளையும் கவனிக்க வேண்டும். இவற்றைக் கேட்டாலே முகம் சுளிப்பவரிடம் காரைக் கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டு வைத்தியங்கள்

கொதிநீர் ஊற்றினால் நெளிவு எழும்பும் என்று காட்டும் காணொளிகள் பலர் கையில் சுற்றுகின்றன. பிளாஸ்டிக் பம்பருக்கு அது உண்மை. பம்பர்கள் பெரும்பாலும் பொலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். சூட்டில் இளகி, பின்னாலிருந்து தள்ளினால் பழைய வடிவுக்கு வரும். உருக்குத் தகட்டுக்கு அது உதவாது. கொதிநீரின் சூட்டில் உருக்கு இளகாது. தலைமயிர் உலர்த்தியும் ஐஸ் கட்டியும் மாறிமாறி வைப்பதும் பூட்டிய வளைவை அவிழ்ப்பதில்லை. சூடான பெயின்ட்டைத் திடீரெனக் குளிர்வித்தால் நுண்வெடிப்பு விழும் அபாயம் மட்டும் மிஞ்சும். ரப்பர் உறிஞ்சியால் அகன்ற மென்குழி சில வேளை எழும்பும். அதன் நடுவில் நின்றுவிடும் கூர்வளைவு எழும்பாது. கடைகளில் கிடைக்கும் மலிவான இழுப்பான்களை வாங்கி அவசரப்படுகிறவர், தேர்ந்தவர் எடுத்திருக்கக்கூடிய நெளிவை மேடும் குழியுமாக்கி, கடைசியில் பட்டிக்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்.

பணமும் காப்புறுதியும்

2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி மீண்டும் திறந்தது. இடையில் 2022இன் நெருக்கடியில் ரூபாயின் மதிப்பு சரிந்தது. இருந்த கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. திறந்த பின்னும் வரிகளால் விலை இறங்கி வரவில்லை. ஓர் ஆசிரியரோ, வெளிக்கள உத்தியோகத்தரோ, வெளிநாட்டில் உழைத்த பிள்ளை அனுப்பிய பணத்தில் வாகனம் எடுத்த தோட்டக் குடும்பமோ வைத்திருக்கும் சிறிய ஆல்ட்டோகூட, அவர்கள் வாழ்நாளில் வாங்கிய மிகப் பெரிய சொத்துகளில் ஒன்று. அதை இன்னும் பல ஆண்டு ஓட்ட வேண்டும். விற்றால் நல்ல விலை வர வேண்டும்.

இலங்கையில் பழைய கார் விற்கும் விளம்பரங்களில் ‘ஒரிஜினல் பெயின்ட்’ என்பது முக்கியமான தகுதியாகப் போடப்படுகிறது. வாங்க வருகிறவர், முழுக் கதவும் மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தால் பெரிய விபத்தோ என்று சந்தேகிக்கிறார். சின்ன நெளிவுக்காகச் செய்த பெயின்ட் வேலை, நேர்ந்திராத விபத்தின் தடயம் போலத் தெரிந்து விலையைக் குறைக்கிறது.

காப்புறுதியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதி சொந்தக் காரின் நெளிவுக்குப் பணம் தராது. முழுக் காப்புறுதி உள்ளவரும் சிறிய நெளிவுக்குக் கோரிக்கை வைத்தால் பல வருடமாகச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸை இழக்கலாம். நெளிவெடுக்கும் கூலியையும், அடுத்த வருடம் கூடப்போகும் தவணைப் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த பிறகே கோரிக்கைப் படிவத்தைத் தொட வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். எரிபொருளும் ஒருநாள் வேலையும் சேர்ந்தால், ஒரே ஒரு நெளிவுக்காகப் போய்வருவது கட்டுப்படியாகாது. பெயின்ட் உடையாத நெளிவு காத்திருக்கும், துருப்பிடிக்காது. கொழும்புக்கு வேறு அலுவலாகப் போகும் நாள்வரை அதை அப்படியே விட்டுவைப்பது, அவசரப்பட்டுத் தேய்ப்பதை விட நல்லது. இதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

தொழிலை இங்கே கொண்டுவருவது

நிலையான தீர்வு, இந்தக் கைத்திறன் மலையகத்திலேயே வேர்விடுவதுதான். இதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. பெயின்ட் அறை, கம்பிரசர், உலர்த்தும் அடுப்பு எதுவும் வேண்டாம். கம்பிகள், விளக்குப் பலகை, பசை இழுப்பான், வெப்பக்காற்றுக் கருவி போதும்; ஒரு பையில் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குத் தோட்டம் போகலாம். உண்மையான முதலீடு பயிற்சிக்கான காலம்தான். கழற்றிப் போட்ட பழைய கதவுகளிலும் பொனட்டுகளிலும் மாதக்கணக்கில் பழகிய பிறகே வாடிக்கையாளரின் காரில் கை வைக்க வேண்டும்.

சுத்தியலும் டொலியும் பிடித்த டிங்கருக்குத் தகட்டின் போக்கு முன்பே தெரியும். அவருக்குப் புதிதாகத் தேவைப்படுவது ஒளிவரியை வாசிப்பதும், அடிக்கும் கையைத் தள்ளும் கையாக மாற்றுவதும். ஆகவே இம்முறை வந்தால் டிங்கரின் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சத் தேவையில்லை. அவரே இதற்கு முதல் உரிமையாளர். 1959இல் ஜேர்மனியின் உதவியோடு தொடங்கிய இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவகம், தொழிற்பயிற்சி அதிகாரசபை, தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, ஹட்டனில் உள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் என்று வாகனத் தொழில் கற்பிக்கக்கூடிய கூரைகள் நாட்டில் இருக்கின்றன. அவற்றின் டிங்கர், பெயின்டர் பயிற்சிகளோடு இதையும் தமிழில் கற்பிக்க வேண்டும். தோட்டத்தில் வேலை வேண்டாம் என்று கொழும்புக் கடைகளுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு, ஊரிலேயே இருந்து மரியாதையோடு உழைக்கவும் நுரையீரலைக் கெடுத்துக்கொள்ளாமல் சம்பாதிக்கவும் கூடிய தொழில் இது.

கார் வைத்திருப்பவரின் பங்கும் உண்டு. நெளிவோடு கராஜுக்குப் போகும்போது முதல் கேள்வி ‘பெயின்ட் எவ்வளவு?’ என்பதாக இருக்கக் கூடாது. பெயின்ட் உடைந்திருக்கிறதா என்று பாஸோடு சேர்ந்து வெளிச்சத்தில் பாருங்கள். உடையவில்லை என்றால் கிரைண்டரை எடுக்க விடாதீர்கள். துளையில்லாமல், சூடாக்கி, உள்ளிருந்து தள்ளி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். உடைந்திருந்தால் பட்டியை மெல்லியதாகப் பூசி நன்றாக உலர விடச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் கூடுதல் நாளையும் கூலியையும் தயங்காமல் கொடுங்கள். வாடிக்கையாளர் கேட்கத் தொடங்கும் வேலையைத்தான் கராஜ்கள் கற்கத் தொடங்கும்.